பழைய மஸ்டாங்ல பானட் பின்னும் பிளேட்டும் மாட்டுறது எப்படி: முழு வழிகாட்டி

1965, 66 மாடல் ஃபோர்ட் மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் வரைக்கும் சரிஞ்சு இறங்கற மாடல்) வச்சிருக்கறவங்க முக்கால்வாசி பேருக்கு ஒரு கட்டத்துல பானட் மேல அந்த ரெண்டு பின் (கீழருந்து பானட் ஓட்டை வழியா மேல நீட்டிக்கிட்டு நிக்கற கம்பி, அதுல கிளிப் குத்தினா பானட் திறக்காது) வேணும்னு தோணிடும். காரணம் ஷெல்பி ஜிடி350தான். கரோல் ஷெல்பியோட ஆளுங்க கலிஃபோர்னியால சாதா மஸ்டாங்க வாங்கி, பின்சீட்ட கழட்டி, 289 கன இன்ச் இன்ஜின 271 குதிரைத்திறன்லருந்து 306க்கு ஏத்தி, இரும்பு பானட்டுக்குப் பதிலா ஃபைபர்கிளாஸ் பானட் போட்டு, முன்னாடி ரெண்டு மூலையிலயும் பின் குத்தி வித்தாங்க. பின்சீட் இல்லாததால அமெரிக்க கார் ரேஸ் அமைப்பு எஸ்சிசிஏ அதை ஸ்போர்ட்ஸ் கார்னு ஏத்துக்கிச்சு, 1965லயே பி புரொடக்ஷன்ங்கற ரேஸ் பிரிவுல பட்டமும் அடிச்சிடுச்சு. அப்ப அந்த பின் அழகுக்கு வந்ததில்ல, லேசான ஃபைபர் பானட் வேகத்துல ஆடும், நடுவுல இருக்கற ஒத்தை லாட்ச் (பூட்டற கொக்கி) மட்டும் அதை முழுசா அமுக்கிப் பிடிக்காது, அதுக்குத்தான்.

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காத்து என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா பின் எங்க வரணும்ங்கறத அதுதான் முடிவு பண்ணுது. மஸ்டாங் பானட்டுக்கு ஹிஞ்ச் (கீல்) பின்னாடி, கண்ணாடிப் பக்கம், திறக்கற வாய் முன்னாடி. கார் ஓடும்போது கிரில் வழியா காத்து உள்ள புகுந்து பானட்டுக்கு அடியில அழுத்தத்த ஏத்தும், அதே நேரம் மூக்கு விளிம்பத் தாண்டி மேல போற காத்து அந்த இடத்துல அழுத்தத்த குறைக்கும், ரெண்டும் சேந்து முன்விளிம்ப மேல தூக்கப் பார்க்கும். அதனால பின் முன்னாடி ரெண்டு மூலையில. டாட்சன் 240இசட், 63லருந்து 67 வரைக்கும் வந்த கார்வெட், ஜாகுவார் இ டைப் இதுக்கெல்லாம் ஹிஞ்ச் முன்னாடி இருக்கு, காத்தே பானட்ட மூடிப் பிடிக்கும், அங்க பின் போடணும்னா பின்பக்க மூலையில கௌல் (முன் கண்ணாடிக்கு அடியில இருக்கற தகடு) பக்கத்துல போடணும். இந்தக் கட்டுரை மஸ்டாங்க வச்சு, ஆனா அளக்கற முறை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

இன்னொண்ணு, மனசு கல்லாக்கிக்கிட்டு யோசிங்க. உங்க கார்ல இருக்கறது ஃபேக்டரியிலருந்து வந்த அதே பானட்டா இருந்தா அதுல ஓட்டை போடாதீங்க. வேற ரீப்ரொடக்ஷன் (பழசு மாதிரியே புதுசா செஞ்ச) பானட் ஒண்ணு வாங்கி அதுல போடுங்க, பழசத் துணி சுத்தி பரண்ல வைங்க. ஓட்டைய வெல்ட் பண்ணி அடைச்சிடலாம்னு சொல்லுவாங்க, அடைக்கலாம்தான், ஆனா மெல்லிசு தகட்டுல வெல்டிங் சூடு பட்டா நெளியும், அப்புறம் டிங்கரிங், பட்டி, முழு பானட்டுக்கும் பெயின்ட்னு செலவு இழுத்துக்கிட்டே போகும்.

என்ன கிட் வாங்கறது

கடையில கிடைக்கற கிட் பெரும்பாலும் 3/8, 7/16, 1/2 இன்ச் தடிமன்ல வரும். ரோட்டு காருக்கு 7/16 போதும், 1/2 பார்க்க கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும் ஆனா பழைய ரேஸ் கார் தோற்றம் வேணும்னா அதுதான். கிட்டுக்குள்ள மரை போட்ட பின் ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நட்டு, வாஷர், மேல வைக்கற பிளேட் ரெண்டு, கம்பி கிளிப் ரெண்டு, கிளிப் தொலையாம இருக்க லேன்யார்டு வயர், சின்ன ஸ்க்ரூ கொஞ்சம், இவ்வளவுதான். பிளேட்டும் கிளிப்பும் ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கணும். குரோம் பூசின இரும்பு பிளேட் விலை கம்மி, ஆனா கிளிப் உரசி உரசி குரோம் போனதும் அந்த வளையத்துல துரு பிடிச்சு பழுப்புத் தண்ணி பெயின்ட் மேல வழியும். லேன்யார்டு மேல பிளாஸ்டிக் உறை இருக்கான்னு பாருங்க, வெறும் கம்பி வயர் வந்தா உப்புத்தாள் மாதிரி பெயின்ட்ட தேய்ச்சு எடுத்துடும்.

பானட்டோட சமமா படிஞ்சு உக்காரற மாடர்ன் லாட்சும் இருக்கு, நல்லா வேலை செய்யும், ஆனா அதுக்கு பானட்டுல பெரிய நீள்வட்டமா வெட்டணும், அறுபதுகள் காருக்கு கொஞ்சமும் ஒட்டாது. என் கணக்குல அது வேணாம்.

கையில வேண்டிய சாமான்: ட்ரில் மிஷின், 3 மிமீ பிட், நல்ல ஸ்டெப் ட்ரில் (ஓட்டைய படிப்படியா விரிக்கற கூம்பு பிட்), ஹோல் சா, சென்டர் பஞ்ச், டேப், ஸ்குவேர், மாஸ்கிங் டேப், அரம், கட்டிங் ஆயில், பிரைமர், கண்ணுக்குப் போடற பாதுகாப்புக் கண்ணாடி. முக்கியமா ட்ரில் பிட்டுக்கு ஸ்டாப் காலர் (பிட் அளவுக்கு மேல உள்ள போகாம தடுக்கற வளையம்), இது ஏன்னு கீழ வரும். கூட ஒரு ஆள் வேணும், பானட்ட மெல்ல இறக்கறதுக்கு.

முதல்ல பானட் சரியா உக்காரணும்

இதைத்தான் நிறைய பேர் தாண்டிப் போயிடறாங்க. பின் போடறது கடைசி வேலை, பானட் அலைன்மென்ட் முதல் வேலை. ரெண்டு ஃபெண்டருக்கும் பானட்டுக்கும் நடுவுல இடைவெளி முன்னாடிலருந்து பின்னாடி வரைக்கும் ஒரே மாதிரி இருக்கா, முன் மூலை ரெண்டும் ஃபெண்டரோட ஒரே மட்டத்துல இருக்கா, ஹிஞ்ச் போல்ட்டு எல்லாம் டைட்டா இருக்கா பாருங்க. அறுபது வருஷக் கார்ல ஹிஞ்ச் பிவட் தேய்ஞ்சு பானட் பக்கவாட்டுல ஆடும், ஆடினா முதல்ல ஹிஞ்ச மாத்துங்க, ஏன்னா நீங்க இன்னைக்கு அளந்து போட்ட ஓட்டை நாளைக்கு பின்னோட சேராது. முன்னாடி இருக்கற ரப்பர் ஸ்டாப்பர்களையும் சரி பண்ணி வைங்க, மூடினப்ப பானட்டோட பாரம் அதுமேல உக்காரணும், பின்னோட நட்டு மேல இல்ல.

இதெல்லாம் ஆன பிறகு பானட்ட பத்து தடவை திறந்து மூடுங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல வந்து உக்காந்தா அளக்க ஆரம்பிக்கலாம்.

பேட்டரி நெகட்டிவ் வயர கழட்டிடுங்க. இந்த மாடல்ல பேட்டரி முன்னாடி வலது பக்கம், ரேடியேட்டருக்குப் பக்கத்துலயே இருக்கு, இரும்புத்தூள் அது மேலதான் கொட்டும். பேட்டரி, ரேடியேட்டர், ஜெனரேட்டர் அல்லது ஆல்டர்னேட்டர் எல்லாத்தையும் பழைய துணி போட்டு மூடுங்க.

இடம் தேடறது

பிளேட் அளவுக்கு ரெண்டு வட்டக் காகிதம் வெட்டி பானட் மேல ஒட்டுங்க. பத்தடி தள்ளிப் போய் நேர் முன்னாடிலருந்து பாருங்க, அப்புறம் பக்கத்துலருந்து. மூலைக்கு ரொம்ப ஒட்டி வச்சா கண்ணுக்கு உறுத்தும், ரொம்ப உள்ள வச்சா மூலைய பிடிச்சு அமுக்கற வேலைய பின் செய்யாது. பிடிச்ச இடம் வந்ததும் பென்சில்ல குறிச்சிட்டு, பானட்டத் திறந்து அதே இடத்துல அடியில என்ன இருக்குன்னு பாருங்க. பானட் மேல்தகடு, உள்தகடுன்னு ரெண்டு அடுக்கு, அந்த உள்தகட்டோட விலா இருக்கலாம், மடிப்பு இருக்கலாம், ஸ்பாட் வெல்ட் இருக்கலாம், அந்த விளிம்புல ஓட்டை விழுந்தா பிட் வழுக்கும், தகடும் கிழியும். தட்டையான இடமா வர்ற வரைக்கும் காகிதத்த கொஞ்சம் நகத்துங்க.

அதே மாதிரி கீழ, ரேடியேட்டர் சப்போர்ட் (ரேடியேட்டர தாங்கற முன் சட்டம்) மேல பின் உக்காரப்போற இடத்துல தட்டையா தகடு இருக்கணும், அடியில நட்டு போட ஸ்பேனர் நுழையணும், ரேடியேட்டரோ ஹாரனோ ஹெட்லைட் வயரிங்கோ குறுக்க வரக்கூடாது. மேலயும் கீழயும் ஒத்துவர்ற இடம் சின்னதாத்தான் இருக்கும், அதுக்குள்ள அழகப் பார்த்துக்கணும். சப்போர்ட் தகடு துருப்பிடிச்சு மெலிஞ்சு போயிருந்தா அடியில ஒரு 3 மிமீ இரும்புப் பட்டை வச்சு பலப்படுத்துங்க.

இடது வலது சமமா வர, காரோட நடுக்கோட்டுலருந்து அளங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அளங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. அந்தக் காலத்து பாடி ரெண்டு பக்கமும் மிமீ கணக்குல ஒண்ணாவா இருக்கும்? பாக்கறவன் கண்ணுக்குத் தெரியறது பானட் விளிம்புக்கும் பிளேட்டுக்கும் உள்ள தூரம்தான். பக்க விளிம்புலருந்தும் முன்விளிம்புலருந்தும் ரெண்டு பிளேட்டுக்கும் தூரம் ஒண்ணா இருக்கணும், நடுக்கோடு ரெண்டு மிமீ தள்ளிப்போனா எவனுக்கும் தெரியாது.

கீழ ஓட்டை, மேல ஓட்டை: இந்த வரிசை மாறக்கூடாது

ஓட்டை முதல்ல சப்போர்ட்டுலதான். 3 மிமீ பைலட் (முதல்ல போடற சின்ன ஓட்டை) போட்டு, ஸ்டெப் ட்ரில்ல பின் தடிமனுக்கு விரிச்சு, பிசிறு எடுத்து பின்ன மாட்டுங்க, கையால மட்டும் டைட் பண்ணுங்க.

இப்ப பின்னோட சாய்வு. பானட் நேரா செங்குத்தா இறங்கறதில்ல, ஹிஞ்ச மையமா வச்சு வில் மாதிரி வளைஞ்சு இறங்குது. மூக்குப் பக்கம் சரிஞ்ச பானட்டுல கடைசி ரெண்டு மூணு இன்ச் இறங்கும்போது ஓட்டை கீழ வர்றதோட கொஞ்சம் பின்னாடியும் வரும். அதனால பின் தரைக்கு நேரா செங்குத்தா நின்னா மூடும்போது ஓட்டை விளிம்புல உரசும், தலை லேசா முன்னாடி சாஞ்சு பானட் தகட்டுக்கு செங்கோணமா நின்னாத்தான் சுத்தமா நுழையும். ஸ்குவேர் வச்சு பாருங்க. சப்போர்ட் தகடு அந்தக் கோணத்துல இல்லன்னா நட்டுக்கு அடியில சரிவு வாஷர் போட்டு சாய்வ கொண்டு வாங்க, பின்ன வளைக்காதீங்க.

அடுத்தது குறி எடுக்கறது. பின்ன முழு உயரத்துல விட்டுட்டு பானட்ட இறக்கினா, பானட் முழுசா மூடறதுக்கு முன்னாடியே முனை இடிக்கும், அந்த இடத்துல விழற குறி தப்பு, ஏன்னா மிச்ச தூரம் இறங்கும்போது பானட் இன்னும் நகரும். அதனால பின்ன நல்லா கீழ இறக்கி, பானட் ஸ்டாப்பர் மேல முழுசா உக்காரும்போது முனை உள்தகட்ட தொட்டும் தொடாம இருக்கற அளவுக்கு வைங்க. முனையில கொஞ்சம் கிரீஸோ பெயின்ட்டோ தடவி, ரெண்டு பேரா பிடிச்சு மெல்ல இறக்கித் தூக்கினா உள்தகட்டுல ஒரு பொட்டு விழும்.

அந்தப் பொட்டுல சென்டர் பஞ்ச் அடிச்சு 3 மிமீ ஓட்டை போடுங்க. ஸ்டாப் காலர் இங்கதான் வேணும். உள்தகட்டுக்கும் மேல்தகட்டுக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம்தான், பிட் உள்தகட்ட தாண்டினதும் சட்டுன்னு பாஞ்சு மேல்தகட்ட அடியிலருந்து குத்தி மேல ஒரு முகப்பரு எழுப்பிடும். காலர டைட் பண்ணிட்டு நிதானமா போங்க. அப்புறம் உள்தகட்டு ஓட்டைய மட்டும் ஹோல் சாவுல 25 மிமீக்கு விரிச்சிடுங்க, பின்னும் அதோட மேல் நட்டும் தாராளமா நுழையணும், உள்ள நீங்க எட்டிப் பார்க்கவும் இடம் வேணும். ஹோல் சாவோட நடு பிட் மேல்தகட்ட தொடாம பாத்துக்கங்க.

இப்ப பின்ன கொஞ்சம் மேல ஏத்தி, மறுபடி முனையில கிரீஸ் தடவி மறுபடி மூடுங்க. இந்தத் தடவை பொட்டு மேல்தகட்டோட அடிப்பக்கத்துல விழும். முதல் பொட்டுக்கும் இதுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தா பயப்பட வேணாம், இதுதான் உண்மையான இடம். ரெண்டு தடவை குறிச்சு ரெண்டும் ஒரே இடத்துல விழுந்தா அடுத்த வேலைக்கு போங்க.

மேல்தகட்டுல வெளிப்பக்கம் மாஸ்கிங் டேப் ரெண்டு மூணு அடுக்கு ஒட்டிட்டு, அடியிலருந்து 3 மிமீ பைலட், நேரா, அவ்வளவுதான். பானட்ட மூடி மேலருந்து பாருங்க, அந்தச் சின்ன ஓட்டைக்கு நேர் கீழ பின்னோட நடு தெரியணும். ஓட்டைய மையமா வச்சு பிளேட்ட வச்சு விளிம்பு தூரத்த ரெண்டு பக்கமும் திரும்ப அளங்க. கொஞ்சம் தள்ளியிருந்தா இப்பவே அரத்தால பைலட்ட அந்தப் பக்கம் இழுத்துக்கலாம், இல்லன்னா சப்போர்ட்டு ஓட்டைய நீளவாக்குல அராவி பின்ன நகத்தலாம். பெரிய ஓட்டை போட்ட பிறகு நகத்த ஒண்ணும் இருக்காது.

சரியா இருந்தா மேலருந்து ஸ்டெப் ட்ரில், மெதுவான வேகம், கொஞ்சம் கட்டிங் ஆயில். ஓட்டை பின் தடிமன விட 3 மிமீ வரைக்கும் பெருசா இருக்கலாம், வளைஞ்சு இறங்கறதுக்கு அந்த இடம் தேவை, எப்படியும் பிளேட் மூடிடும். அதுக்குமேல பெருசாக்காதீங்க, பிளேட்டோட ஸ்க்ரூவுக்கு தகடு மிச்சம் இருக்கணும்.

ஃபைபர்கிளாஸ் பானட்டா இருந்தா

முறை அதேதான், ஆனா ஃபைபர் வேற குணம். அழுத்தித் துளைச்சா மேல இருக்கற ஜெல்கோட் பூச்சு நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். கூர்மையான புது பிட், டேப் மேல டேப், அடியில ஒரு மரக்கட்டைய அண்டக் கொடுத்து, அழுத்தமே இல்லாம பிட்டோட வேகத்துலயே போகணும். ஆரம்பத்துல ட்ரில்ல ரிவர்ஸ்ல ஓட்டி ஜெல்கோட்ட சுரண்டிட்டு அப்புறம் முன்னாடி ஓட்டறது நல்ல வழக்கம். மாஸ்க் கண்டிப்பா, முழுக்கை சட்டையும் போடுங்க, அந்தத் தூசி தோல்ல பட்டா ராத்திரி முழுக்க அரிக்கும், நெஞ்சுக்குள்ள போறது அதைவிட மோசம். வெட்டின விளிம்புல எபாக்ஸி தடவி அடைச்சிடுங்க, இல்லன்னா தண்ணி நாருக்குள்ள இறங்கும். பிளேட் ஸ்க்ரூ வெறும் ஃபைபர்ல பிடிக்காது, அடியில பெரிய வாஷரோ அலுமினியத் தகடோ வச்சு நட்டு போடணும்.

துருவுக்கு மருந்து

பிசிற அரத்தால எடுத்து, விளிம்ப சுத்தமா துடைச்சு, வெறும் இரும்பு தெரியற எல்லா இடத்துலயும் ஜிங்க் பிரைமர், அது மேல காரோட கலர். ஒரு நாள் காயட்டும். உள்தகட்டு ஓட்டைய மறந்துடாதீங்க, தண்ணி போற இடமே அதுதான். ரெண்டு தகட்டுக்கும் நடுவுல விழுந்த இரும்புத்தூள காந்தம், வேக்குவம் வச்சு எடுத்துடுங்க, அங்கேயே கிடந்தா ஈரம் பட்டு உள்ளருந்தே அரிக்க ஆரம்பிக்கும்.

பிளேட் மாட்டறது

பானட்ட மூடி, பின் மேல பிளேட்ட போட்டு, பின் பிளேட்டு ஓட்டைக்கு நடுவுல நிக்கற மாதிரி வச்சு டேப் ஒட்டுங்க. ஸ்க்ரூ ஓட்டைகளோட திசைய பாருங்க, மூணு ஓட்டை பிளேட்டுன்னா ஒரு ஓட்டை நேர் முன்னாடியோ நேர் பின்னாடியோ வரட்டும், ரெண்டு பிளேட்டும் கண்ணாடியில பாக்கற மாதிரி ஒத்து இருக்கணும். சின்ன விஷயம்தான், ஆனா ஒண்ணு சுத்தி ஒண்ணு சுத்தாம இருந்தா பாக்கறப்பெல்லாம் உறுத்தும். குறிச்சு, ஒரு ஓட்டை மட்டும் போட்டு ஸ்க்ரூ மாட்டி, திரும்ப பானட்ட திறந்து மூடிப் பாத்துட்டு மிச்சத்த போடுங்க.

ஸ்க்ரூவா ரிவெட்டாங்கறது உங்க இஷ்டம். ரிவெட் ரேஸ் கார் தோற்றம் தரும், லூஸ் ஆகாது, ஆனா கழட்டணும்னா ட்ரில் பண்ணித்தான் எடுக்கணும். பெயின்ட் திரும்ப அடிக்கப்போற கார்னா ஸ்க்ரூ போடுங்க. ரெண்டுலயும் பிளேட்டுக்கு அடியில மெல்லிசு ரப்பர் கேஸ்கெட்டோ டிரான்ஸ்பரன்ட் ஃபிலிமோ வைங்க, ஸ்டெயின்லெஸ்ஸும் இரும்பும் ஈரத்துல நேரா தொட்டுக்கிட்டு இருந்தா இரும்புதான் அரிச்சுப் போகும். சிலிக்கான் தடவறதுன்னா நியூட்ரல் க்யூர் வகை வாங்குங்க, வினிகர் வாசம் அடிக்கற வகை காயும்போது அமிலம் விடும், அதுவே துருவுக்கு வழி.

உயரம், கிளிப், லேன்யார்டு

பானட் மூடி லாட்ச் விழுந்த நிலையில, பின்னோட குறுக்கு ஓட்டையோட அடி விளிம்பு பிளேட்டுக்கு மேல ஒரு மிமீ, அதிகம் போனா ரெண்டு மிமீ இருக்கணும். அதுக்கு மேல இடைவெளி விட்டா பானட் ஆடி கடகடன்னு சத்தம் வரும், கம்மியா விட்டா கிளிப்ப சுத்தியல் வச்சுதான் ஏத்தணும். கிளிப் எந்தப் பக்கத்துலருந்து நுழையணும்னு நட்ட டைட் பண்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, டைட் ஆன பிறகு பின் திரும்பாது. பக்கவாட்டுல குத்தறது பொதுவான வழக்கம், முன்னாடிலருந்து பின்னாடி நோக்கி குத்தினாலும் சரி, ஆனா பின்னாடிலருந்து முன்னாடி குத்தாதீங்க, காத்து அதை வெளிய தள்ளப் பாக்கும். நட்டுல நீல கலர் லாக்டைட் (மரை லூஸ் ஆகாம பிடிக்கற பசை) ஒரு சொட்டு.

லேன்யார்டோட மறுமுனைய சப்போர்ட்டுலயோ கிரில்லுக்குப் பின்னாடியோ மாட்டுங்க. பானட்டுலயே இன்னொரு ஸ்க்ரூ போட்டு மாட்டறவங்களும் இருக்காங்க, எனக்கு அது தேவையில்லாத இன்னொரு ஓட்டையாத்தான் தோணுது. கிளிப்ப கழட்டி ஓரமா வைக்க எவ்வளவு நீளம் வேணுமோ அவ்வளவுதான் வயர் இருக்கணும், அதிகமா விட்டா ஓடும்போது பானட்ட தட்டிக்கிட்டே வரும்.

பழைய லாட்ச என்ன பண்றது

ரோட்டுல ஓட்டற காருக்கு ஃபேக்டரி லாட்சையும் அதோட சேஃப்டி கேட்சையும் கழட்டவே வேணாம், பின் அதுக்கு மேல கூடுதல் பிடி. பின் இருக்குல்லன்னு லாட்ச கழட்டிட்டா, ஒரு நாள் கிளிப் போட மறந்து நெடுஞ்சாலை ஏறினா பானட் எழும்பி கண்ணாடி மேல சாயும், முன்னாடி ஒண்ணும் தெரியாது. டிராக்குக்கு மட்டும்னா கதை வேற, அங்க லாட்சு, ஹிஞ்சு, ஸ்பிரிங்கு எல்லாத்தையும் கழட்டி எடை குறைச்சு நாலு மூலையிலயும் பின் போட்டு பானட்ட அப்படியே தூக்கி வைக்கற மாதிரி பண்ணுவாங்க. பின் கிளிப்ப யார் வேணாலும் வெளியிலருந்து உருவலாம். தெருவுல நிறுத்தற காரா இருந்தா சாவி போட்டு பூட்டற பின்னும் கிடைக்குது.

முதல் தடவை ஒரு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து நட்டையும் ஸ்க்ரூவையும் தொட்டுப் பாருங்க. பின்னோட ஒரு பக்கத்துல மட்டும் பளபளன்னு தேய்ஞ்ச கோடு தெரிஞ்சா அந்தப் பக்கம் பிளேட்டுல உரசுதுன்னு அர்த்தம், நட்ட லூஸ் பண்ணி பின்ன கொஞ்சம் எதிர்ப்பக்கம் நகத்தி டைட் பண்ணுங்க. கம்பி கிளிப் நாளாக நாளாக இழுவை விட்டுடும், கையால அமுக்காமலே கழண்டு வர ஆரம்பிச்சா மாத்திடணும், ரெண்டு கிளிப் எக்ஸ்ட்ரா வாங்கி கிளவ் பாக்ஸ்ல போட்டு வைங்க.